அகலக்கால்

ஷுவைக்கில், டயர்க் கடைகளுக்குப் பின்னால்,
ராத்திரி பதினொன்றரைக்கு அளக்கிறேன்.
பகலில் அலுமினியம் பொய் சொல்லும்.
வெயில் ஏறிய ஷெட்டில் பிளாக் ஒரு மயிரிழை வளர்ந்திருக்கும்,
அதை அளக்கும் எஃகு அவ்வளவு வளர்ந்திருக்காது.

வாசலில் மிஷாலின் கேப்ரீஸ்.
எஞ்சின் இருந்த குழியில் பூனை படுத்திருக்கிறது.

அவன் கேட்டது ஒரு வரிதான்:
கிராங்க்கை மாற்று, ஸ்ட்ரோக்கைக் கூட்டு.
தொண்ணூற்றிரண்டு மில்லிமீட்டர் நடந்த பிஸ்டன்
இனி நூற்றியொன்று புள்ளி ஆறு நடக்க வேண்டும்.
அகலக்கால் வைக்காதே என்று
சொல்லிச் சொல்லி வளர்க்கும் பாஷை என்னுடையது.
அகலக்கால் வைத்துக் கொடுக்கத்தான்
இங்கே எனக்குச் சம்பளம்.

கிராங்க் வந்துவிட்டது.
ராடு நீளம் முடிவாகவில்லை.

பிளாக்கின் உயரம் மாறாது. அதற்குள்
ஒருவர் தலைமேல் ஒருவராய் மூன்று பேர் நிற்க வேண்டும்:
பாதி ஸ்ட்ரோக்,
ராடு,
பின்னிலிருந்து பிஸ்டன் உச்சி வரை உள்ள சதை.
ஒருவன் நிமிர்ந்தால் ஒருவன் குனியணும்.
கிராங்க் நிமிர்ந்தாயிற்று;
மிச்ச இருவருக்குள் பங்காளிச் சண்டை.

நீளமானதைப் போடு என்கிறான் பஷீர்,
நூற்றைம்பத்தேழு புள்ளி ஐந்து.
சுவரோடு ஏணியைச் சாய்த்துக் காட்டினான்:
அடி அதே தூரத்தில் இருக்க,
ஏணி நீண்டால் சுவரைத் தள்ளுவது குறையும்.
உச்சியில் பிஸ்டன் கொஞ்சம் கூடுதலாய் நிற்கும்.
சரிதான். ஏணி சரிதான்.

ஆனால் ராடு நீண்டால் பின் மேலே ஏறி
ஆயில் ரிங்கின் பள்ளத்தைக் கடிக்கும்,
அங்கே ஒரு தகடு செருகித் தாங்க வேண்டும்.
மிஷால் நைட்ரஸ் அடிப்பான்.
அடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்கிறான்,
கையிலிருந்த ஃபோனில் நீல பாட்டிலின் விலை தெரிந்தது.
அந்தச் சூட்டுக்கு ரிங்குகளின் நடுவே சதை வேண்டும்.
நான் நூற்றைம்பத்தைந்து புள்ளி ஆறு கட்சி.

இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை வித்தியாசம்.
விலையில் ஒரு ஃபில்ஸ் மாறாது.
ஆறு நாளாய்ச் சாயா ஆறிப்போகிறது.

இப்போது பிளாக்கைத் துடைத்து,
கிராங்க் மையத்திலிருந்து மேல் முகம் வரை:
இருநூற்று முப்பத்து நாலு புள்ளி ஏழு வரணும்.
புள்ளி இரண்டு வருகிறது.

மறுபடி துடைத்தேன். மறு மூலை. மறு பக்கம்.
புள்ளி இரண்டு.

யாரோ ஏற்கெனவே சீவியிருக்கிறான்.
அம்கரா ஸ்க்ராப் யார்டில் விற்றவன் சொல்லாமல் விட்ட
அரை மில்லிமீட்டர்.
எந்த ஆகஸ்டிலோ, சால்மி ரோட்டில்,
பின்சீட்டில் பிள்ளைகள் இருக்க
ஆவி கக்கி நின்றிருக்கும்.
முகம் கோணியதை ஒருவன் மெஷினில் ஏற்றி நேராக்கி,
காசு வாங்கி, ஒன்றும் எழுதாமல் போயிருக்கிறான்.

பஷீரின் ராடும் என் ராடும்
கேட்டலாக் உயரத்துக்குக் கூட்டிய கணக்கு.
இரண்டிலும் பிஸ்டன் அரை மில்லி வெளியே தலை நீட்டும்.
ஏழாயிரம் சுற்றில் ராடு இழுபட்டு நீளும்,
ஹெட்டை முத்தமிடும். ஒரே ஒரு முறை.

காகிதத்தைத் திருப்பிப் போட்டேன்.
ஐம்பது புள்ளி எட்டு. இருபத்தெட்டு புள்ளி மூன்று.
நடுவில், கம்பெனி முதலில் வைத்த அதே நீளம்:
நூற்றைம்பத்து நாலு புள்ளி ஒன்பது.
கூட்டினால் இருநூற்று முப்பத்து நாலு.
புள்ளி இரண்டு உள்ளே. உட்கார்ந்துவிட்டது.

பஷீரை எழுப்பிச் சொன்னேன்.
அப்போ நம்ம ரெண்டு பேருமே தோத்தோம் என்று
புரண்டு படுத்தான்.

ஒரு மணிக்கு மிஷாலின் வாய்ஸ் மெசேஜ்:
நீளமா, குட்டையா?
பழைய நீளம், புது இரும்பு என்றேன்.
இவ்வளவு தினார் கொடுத்தும் பழையதா என்று
அழுகிற முகம் ஒன்று வந்தது.
ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

சம்ப் மூடும் விளிம்பில், எண்ணெய் படாத ஓரத்தில்,
பஞ்ச் வைத்து அடிக்கிறேன்: இரண்டு, மூன்று, நாலு,
ஒரு புள்ளி.
கடைசி இரண்டுக்குச் சுத்தியல் கொஞ்சம் பலமாய் விழுந்தது.
பூனை எழுந்து போய்விட்டது.